பூராவும் போட்டுப்போட்டேனுங்க

அன்னூரில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்டாகச் சேர்ந்த இரண்டாவது வெள்ளிக்கிழமை, சுவரில் இருந்த என் படத்துக்குச் சந்தனப் பொட்டு வைத்திருப்பதைப் பார்த்தேன். பார்மசிஸ்டின் பதிவுச் சான்றிதழைக் கடையில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி மாட்டி வைக்க வேண்டும். கடைக்கார அக்கா, என் படம் ஒட்டின என் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு முருகனுக்கும் லட்சுமிக்கும் நடுவில் மாட்டியிருந்தார். கடை கூட்ட வருகிற அம்மா எந்தச் சட்டத்துக்கும் ஓரவஞ்சனை செய்யாதவர். முருகனுக்கு ஒரு பொட்டு, லட்சுமிக்கு ஒரு பொட்டு, எனக்கும் ஒரு பொட்டு. கூடவே அரை முழம் செவ்வந்தி.

அன்றைக்கு இருமல் மருந்துக்கு வந்த ஒருவர் என் தலைக்கு மேலே பார்த்து உச்சுக் கொட்டினார். “பாவம், சின்ன வயசாட்ட இருக்குது. என்னங்க ஆச்சு?”

“அது நான்தானுங்க.”

அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “செரி செரி, நல்லா இருங்க” என்று வாழ்த்திவிட்டு, மருந்தை மட்டும் அக்காவின் கையால் வாங்கிக்கொண்டு போனார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. சான்றிதழ் சுவரில் இருக்கும், அதற்குரிய ஆள் கடையில் இருக்கமாட்டார் என்பதுதான் அவர் இதுவரை கண்டது. நானோ படத்துக்கு நேர் கீழே, வெள்ளைக் கோட்டும் மூன்று நிறப் பேனாவுமாக, யாராவது ஏதாவது கேட்கமாட்டார்களா என்று துடித்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். அப்பாவும் போயிருக்கிறார், வெள்ளையடிக்க. அம்மா தோட்டம் தோட்டமாகக் களை வெட்டவும் கடலைக்காய் ஆயவும் போகிறவர். நான் பார்மசி முடித்ததும், “என்ற பையன் டாக்டருக்குப் பக்கத்துப் படிப்பு படிச்சிருக்கான்” என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தார். அந்தப் பக்கத்துப் படிப்பில் நான் அடிக்கோடு போட்டு வைத்திருந்த வரி ஒன்று உண்டு. நோயாளியை உட்கார வைத்து, எந்த மருந்து எதற்கு, எப்போது, எப்படி என்று நிதானமாகச் சொல்ல வேண்டும். ‘உட்கார வைத்து’ என்பதற்கு மட்டும் இரண்டு கோடு.

கடையில் உட்கார ஒன்றும் இல்லை. கவுண்டர், எடை பார்க்கும் மிஷின், குளுக்கோஸ் அட்டைப்பெட்டிகள் ஒரு கோபுரம். அதன் முன்னால் எந்நேரமும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய ஒரு கூட்டம்.

நான் விடவில்லை. நின்றபடியே ஒவ்வொருவருக்கும் சொன்னேன். ஒரு காய்ச்சல் மாத்திரைக்கு நான் பேச ஆரம்பித்தால் வரிசை எடை மிஷினைத் தாண்டிச் சாலைக்குப் போய்விடும். “தம்பி, மருந்தக் குடுங்க, பாடத்த டியூசன்ல எடுங்க” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். இன்னொருத்தர், “அவரு பேசி முடிக்கறதுக்குள்ள எனக்குக் காய்ச்சலே உட்டுருச்சுங்க” என்பார்.

அதற்காக என்னிடம் யாரும் எதுவும் எதிர்பார்க்கவில்லை என்று சொல்லக் கூடாது. எதிர்பார்ப்பு மலையளவு இருந்தது. பஸ் வருகிற வரைக்கும் கோழிக்குஞ்சுப் பெட்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊசியில் நூல் கோத்துத் தர வேண்டும். ஒரு அம்மா போனில் ஒரு மருந்துச் சீட்டின் படத்தைக் காட்டி, “இதுல பெருசா சீக்கு ஏதாச்சும் இருக்குதுங்களா? சும்மா, தெரிஞ்சவங்க” என்று கேட்டார். விசாரித்ததில் அது அவர் மகளுக்குப் பார்த்திருக்கிற மாப்பிள்ளையின் சீட்டு. “அடுத்தவங்க சீட்டப் பத்தி நான் சொல்லக் கூடாதுங்க” என்றேன். “அப்ப பெரிய சீக்குத்தான்” என்று முடிவுகட்டிக்கொண்டு அவர் கிளம்ப, சாலை வரைக்கும் ஓடிப்போய், வெறும் சளி மருந்துக்கு ஒரு கல்யாணத்தை நிறுத்திவிடாதீர்கள் என்று கெஞ்ச வேண்டியதாயிற்று. சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன் என்பது திரும்பி வரும்போதுதான் உறைத்தது.

ஒருநாள் அக்காவிடம் கேட்டுவிட்டேன். “அக்கா, ஒரே ஒரு சேர் போடலாமுங்களா? வாரவங்கள உக்கார வெச்சுச் சொல்றதுக்கு.”

அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். கண்ணை மூடிக்கொண்டே எந்த மருந்து எந்த அலமாரியில் என்று சொல்லிவிடுவார். “கண்ணு, சேர் போட்டா ஊர் நாயம் பேசறவங்கதான் உக்காருவாங்க. மருந்தப் பத்திக் கேக்க யாரு உக்காருவா?”

“கேப்பாங்க அக்கா.”

“ஆயுத பூசைக்குள்ள ஒருத்தர், ஒரே ஒருத்தர், இந்த மருந்து எதுக்குங்கன்னு உன்னத் தேடிக் கேக்கட்டும். நானே சேர் வாங்கித் தாரேன். இல்லீன்னா நீ பேசறத நிறுத்திப்போடோணும். மருந்து, சில்லறை, அடுத்த ஆளு. செரியா?”

ஆயுத பூசைக்குப் பதினேழு நாள் இருந்தது. நான் ஒப்புக்கொண்டேன். அந்த வாரமே ஒரு திட்டமும் போட்டேன். மாதாமாதம் மாத்திரை வாங்குகிறவர்களிடம் போனை வாங்கி, எட்டாம் எண்ணில் என் நம்பரைப் பதிந்து கொடுத்தேன். “சந்தேகம்னா எட்டை அழுத்திப் புடிங்க, நான் வந்துருவேன்.” எழுத்து தெரியாதவர்களுக்கும் கண்ணாடி தேவைப்படுகிறவர்களுக்கும் எட்டு போதும் அல்லவா?

எட்டு நன்றாகவே வேலை செய்தது. மடியில் செருகின போன், சட்டைப் பையில் கிடந்த போன், பேரன் கையில் அகப்பட்ட போன், எல்லாம் என்னைக் கூப்பிட்டன. ஒரு எருமை கத்துவதை ஏழு நிமிடம் கேட்டேன். மேட்டுப்பாளையத்திலிருந்து வருகிற பஸ்ஸில் ஒரு மாமியாருக்கும் மருமகளுக்கும் நடந்த சண்டையை ஆரம்பத்திலிருந்து கேட்டு, மருமகள் பக்கம் நியாயம் இருப்பதாக முடிவுக்கும் வந்தேன். கரண்ட் எப்போது வரும் என்று இரண்டு பேர் கேட்டார்கள். மருந்தைப் பற்றி மட்டும் யாரும் கேட்கவில்லை. “எட்டு என்ன சொல்லுது கண்ணு?” என்று அக்கா தினமும் விசாரிப்பார்.

ஆயுத பூசைக்கு இரண்டே நாள் இருக்கும்போது, மத்தியானம் இரண்டு மணிக்கு, அந்த அழைப்பு வந்தது. காலையில் கடைக்கு வந்து, இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் ஒரு மாத மாத்திரை வாங்கிப்போன தோட்டத்து அம்மா. வயது அறுபதைத் தாண்டியவர். அன்னூரிலிருந்து நாலு மைல் தள்ளி அவர்கள் தோட்டம். என் அம்மா வாரத்தில் மூன்று நாள் வேலைக்குப் போகிற தோட்டமும் அதுதான். சின்ன வயதில் விடுமுறைக்கு நானும் அங்கே போயிருக்கிறேன். வெள்ளைக் கோட்டுக்குள் இருந்த என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை, நானும் சொல்லிக்கொள்ளவில்லை.

“ஏனுங்க, மருந்துக்கடைத் தம்பிங்களா?”

“ஆமாங்க, சொல்லுங்க!”

“ஒரு கோளாறு ஆகிப்போச்சுங்க. மாத்திரையப் பூராவும் போட்டுப்போட்டேனுங்க.”

“பூராவுமா? ஒரு மாசத்துக்கு உண்டானதுங்க அது!”

“அதத்தான் சொல்றேன். வெடியாலைக்கு உண்டானது, பொழுதோடைக்கு உண்டானது, ஒண்ணு மிச்சமில்லாமப் போட்டுப்போட்டேன்.”

“எப்பங்க?”

“இப்பத்தான், அரை மணி நேரம் இருக்கும். நெனப்பு வேற எங்கியோ இருந்துதுங்க.”

“இப்ப எப்படி இருக்குதுங்க? தலை கிறுகிறுங்குதுங்களா?”

“கிறுகிறுங்காம பின்ன? போட்டது கொஞ்சமா நஞ்சமா?”

எத்தனை மில்லிகிராம் என்று தெரிய வேண்டும். “பதறாதீங்க. கண்ணாடிய எடுத்துக்கிட்டு…”

“கண்ணாடியும் போட்டுப்போட்டேனுங்களே.”

“போட்டாச்சுங்களா, ரொம்ப நல்லதுங்க. அப்ப கவர்ல இருக்கறதப் படிங்க.”

“ஏனுங்க தம்பி, கவரையுந்தான் போட்டுப்போட்டேன்!”

“கவரையுமா!”

“பையோட…” என்றார். அத்தோடு போன் நின்றுவிட்டது. திரும்பக் கூப்பிட்டால் அணைந்திருந்தது.

பையோடு ஒரு மனுஷி மாத்திரையைப் போட முடியுமா என்று யோசிக்க ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடி என்னிடம் இல்லை. நான் நச்சு மருந்தியல் பாடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். அக்காவிடம் ஓடினேன். “தோட்டத்தம்மா ஒரு மாச மாத்திரையையும் போட்டுப்போட்டாங்களாம்!” அவர் காதிலும் அதே வார்த்தைதான் விழுந்தது, அவருக்கும் அதே அர்த்தம்தான் வந்தது. மருந்துக்கடையில் நிற்கிறவர்களுக்கு ‘போடுவது’ என்றால் விழுங்குவது. வேறு அர்த்தம் இருப்பதே மறந்துபோகும். ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம், வழி சொன்னோம், கடையைப் பக்கத்துப் பாத்திரக் கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொன்னோம். அக்கா ஸ்கூட்டரை முறுக்கினார். நான் பின்னால், ஒரு கையில் குளுக்கோஸ் பாக்கெட், ஒரு கையில் இரத்தக் கொதிப்புப் பார்க்கும் மிஷின். வெள்ளைக் கோட்டு காற்றில் உப்பியதில், பின்னால் வந்த லாரிக்காரர் வழி தெரியாமல் ஆரன் அடித்துக்கொண்டே வந்தார்.

தோட்டத்துக் களத்தில் கடலைச் செடி மலையாகக் குவிந்திருந்தது. அதைச் சுற்றி என் அம்மாவும் இன்னும் மூன்று பேரும் உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். தோட்டத்து அம்மா பக்கத்தில் நின்று எதையோ மென்றுகொண்டிருந்தார். நான் ஓடுகிற ஸ்கூட்டரிலிருந்தே குதித்தேன்.

“வாயத் தொறங்க!”

அவர் திறந்தார். வெள்ளைக் கோட்டு சொன்னால் யாரும் திறப்பார்கள். உள்ளே பாதி மென்ற கடலைக்காய்.

“துப்புங்க! துப்புங்க!”

துப்பினார். கடலைச் செடிக்குப் பின்னாலிருந்து என் அம்மா எழுந்தார். “டேய்! யாரப் பாத்துடா துப்பச் சொல்ற? கோட்டப் போட்டா கொம்பு மொளச்சுருமா?”

“அம்மா, இரு! இவங்க மாத்திரையப் பூராவும் முழுங்கிட்டாங்க!”

“முழுங்கறதா?” என்றார் தோட்டத்து அம்மா. “யாருங்க முழுங்குனது? மினி பஸ்ஸுல பையப் போட்டுப்போட்டேன்னு சொன்னேன். மாத்திரை, கண்ணாடி, எல்லாம் அந்தப் பையிலதானே இருந்துது? எறங்கும்போது மறந்துபோட்டேனுங்க.”

பிறகு அக்கா சிரித்தார். முதலில் கொஞ்சமாக, அப்புறம் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு, அப்புறம் ஸ்கூட்டரையும் விட்டுவிட்டு. “கவரையுமான்னு கேட்டானுங்க! கவரையும் முழுங்கிட்டாங்கன்னு என்னக் கூட்டியாந்தானுங்க!” ஆய்ந்துகொண்டிருந்தவர்கள் கடலைச் செடிமேல் சாய்ந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் ஆம்புலன்ஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. இறங்கினவர் அவசரமாக, “பேஷண்ட் யாருங்க?” என்றார்.

“இவன்தானுங்க, ஏத்திக்கிட்டுப் போங்க” என்று அக்கா என்னைக் காட்டினார்.

ஆம்புலன்ஸ்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டேன். வீண் பயணம்தான். “நெசமாவே முழுங்கியிருந்தா என்ன பண்றது? நல்லதாப் போச்சு” என்று அவர் பெருந்தன்மையாகச் சொன்னார். வண்டி திரும்புவதற்குள் ஆளுக்கு ஒரு மடி கடலைக்காய் கொடுத்து அனுப்பினார் தோட்டத்து அம்மா.

அப்புறம் என் பக்கம் திரும்பினார். அம்மாவையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “ஏன் புள்ள, உன்ற பையனா இது? கடலைக்காய் ஆய வந்தா ஆயறதுல பாதியத் திங்குமே, அந்தப் பொடியனா?”

“அவனேதானுங்க” என்றார் அம்மா.

“அட! கடையில போட்டோவுக்குப் பூப்போட்டிருக்கறதப் பாத்துட்டு, யாரு பெத்த புள்ளையோன்னு மனசு கேக்கல எனக்கு.” இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். ஏதோ கேட்க வேண்டும் போல இருந்தது அவருக்கு. “ஒண்ணு கேக்கோணும். நீ சொல்லு…” என்று ஆரம்பித்தார்.

அங்கே நின்றது வாக்கியம். என்னைப் பொடியா என்று கூப்பிட்ட வாய் அது. காலையிலும் போனிலும் வரிக்கு வரி ‘ங்க’ போட்டதும் அதே வாய். அம்மாவின் கை காய் ஆய்வதை நிறுத்தியிருந்தது.

“சொல்லு…ங்க” என்றார். ‘ங்க’ கொஞ்சம் தாமதமாக, பஸ்ஸை ஓடிவந்து பிடித்த ஆள் மாதிரி வந்து ஏறிக்கொண்டது. “அந்தச் சின்ன மாத்திரை ஒண்ணு இருக்குதல்லோ, அது எதுக்குங்க? நாலு வருசமாப் போடறேன். எதுக்குன்னு யாரும் சொல்லல.”

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா வானத்தைப் பார்த்தார்.

“உக்காந்து சொல்லுங்க, சேர் எடுத்தாரச் சொல்றேன்” என்றார் தோட்டத்து அம்மா. அம்மா தரையில் இருந்தார். நானும் அம்மாவுக்குப் பக்கத்தில் கடலைக்காய்க் குவியலோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டேன். எனக்கு அதுதான் வசதியாகவும் இருந்தது, ஏனென்றால் அங்கேதான் பாடத்துக்கு வேண்டிய பொருள் கிடந்தது. ஒற்றைப் பருப்புக் காய் சின்ன மாத்திரை. இரட்டைப் பருப்புக் காய் பெரிய மாத்திரை. உள்ளே பருப்பில்லாத ஒரு சொட்டைக் காய் கொதிப்பு மாத்திரை.

“இந்தச் சின்னது சர்க்கரையக் கீழ எறக்கறதுங்க. சாப்பாட்டுக்குச் சித்த முன்னாடி போடோணும். இதப் போட்டுட்டு நேரத்துக்குச் சாப்பிடாம உட்டா சர்க்கரை ரொம்ப எறங்கிரும். வேர்க்கும், கை நடுங்கும், கண்ணக் கட்டும்.”

“அய்யோ!” என்று அவர் மாரில் கை வைத்தார். “ஆறு மணிக்குப் போட்டுட்டுத் தோட்டத்துக்குப் போயி, பத்து மணிக்குத்தானே வந்து திங்கறேன். தினமும் ஒம்பது மணிக்குக் கண்ணக் கட்டுது. வயசாயிருச்சுன்னு நெனச்சேன்!”

“வயசு இல்லீங்க, மாத்திரைங்க. சாப்பிட உக்காரும்போது போடுங்க. அடுத்த தடவை டாக்டர்கிட்ட இதக் கண்டிப்பாச் சொல்லுங்க.”

அவ்வளவுதான். அணை உடைந்த மாதிரி ஆய்ந்துகொண்டிருந்தவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். ஒருவருக்குத் தைராய்டு மாத்திரையை டீயோடு போடலாமா என்று. ஒருவருக்குக் கணவர் குடித்துவிட்டு மாத்திரை போடலாமா என்று. நான் காய்களை எடுத்து எடுத்து வைத்துச் சொன்னேன். ஒருவரும் பஸ்ஸுக்குப் போக வேண்டியதில்லை. ஒருவரும் டியூசன் என்று சொல்லவில்லை. என் தலைக்குள் நாதஸ்வரம் வாசித்தார்கள்.

கடைசியாக அம்மா, காயைப் பார்த்துக்கொண்டே, “முட்டி வலிக்கு வாங்கித் திங்கறனே, அது தினமும் திங்கலாமாடா?” என்றார்.

“தினமுமா? எத்தன நாளா?”

“பொங்கலுக்கு முன்னாடியிருந்து.”

நாதஸ்வரம் நின்றது. வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடிய மாத்திரை, வெறும் வயிற்றில், களை வெட்டக் கிளம்புமுன், தினம் ஒன்று. “ஏம்மா எங்கிட்டக் கேக்கல?”

“நீ கடைக்கு வாரவங்களுக்குத்தானே சொல்லுவ. நான் எங்க கடைக்கு வாரேன்?” கோபமெல்லாம் இல்லை, நிலவரம் சொல்வது போலச் சொன்னார்.

கிளம்பும்போது அக்கா கடைசியாக ஒரு முயற்சி செய்தார். “இது களத்துல கேட்டது. இதெல்லாம் கணக்குல வராது கண்ணு.” தோட்டத்து அம்மா, “என்ன கணக்கு?” என்றார். பந்தயத்தைச் சொன்னேன். “சேர் வாங்கிப் போடுங்க அம்மணி” என்றார் அக்காவிடம். “அங்க நிக்கமாட்டாமத்தான் நானே எதையும் கேக்காம வாங்கிட்டு ஓடியாரேன்.” பை சாயங்கால நடையில் மினி பஸ் கண்டக்டரோடு பத்திரமாகத் திரும்பி வந்தது, மாத்திரை, கண்ணாடி, கவர் எதுவும் யார் வயிற்றுக்கும் போகாமல்.

ஆயுத பூசைக்கு நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் சேர் வந்தது. கடை கூட்டுகிற அம்மா அதற்கும் நாலு காலிலும் பொட்டு வைத்தார். முதல் இரண்டு நாள் அதில் ஒரு தக்காளிக் கூடையும் ஒரு ஹெல்மெட்டும் உட்கார்ந்தன. அக்கா என்னைப் பார்த்துப் புருவத்தை ஏற்றினார்.

மூன்றாம் நாள் வேலை முடிந்து அம்மா வந்தார். ஹெல்மெட்டை எடுத்துக் கீழே வைத்தார், முந்தானையால் சேரைத் துடைத்தார், நுனியில் உட்கார்ந்தார், பிறகு பின்னால் நகர்ந்து நன்றாகச் சாய்ந்துகொண்டார். என்னைத் தெரியாத ஆள் போல முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிட்டார்.

“ஏனுங்க, மருந்துக்காரருங்களா?”

அக்கா அலமாரிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார். என் கை என்னவோ பேனாவைத் தேடிக்கொண்டிருந்தது. “சொல்லுங்க” என்றேன்.

“முட்டி வலி மாத்திரையக் கொறைக்கச் சொல்லி என்ற பையன் ஒருத்தன் சொன்னானுங்க. இந்த வாரம் நாலே நாலு போட்டேனுங்க.”

அந்தக் களத்துக்குப் பிறகு யார் ‘போட்டேன்’ என்றாலும் நான் விடுவதில்லை. “முழுங்குனீங்களா, தொலைச்சீங்களா?”

“முழுங்குனது மூணுங்க” என்றார் அம்மா. “ஒண்ணு கோழி கொத்திக்கிட்டுப் போயிருச்சுங்க. அதுக்கு முட்டி வலி வராதுங்களே?”

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். வரிசை அன்றைக்கும் எடை மிஷினைத் தாண்டியிருந்தது. “இருங்க, அதையுந்தான் சொல்லட்டும்” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.